எழுபது வாங்கிய நாரை

மாட்சிமை தங்கிய இவ்வுலகத்துக்கும், அதில் வாழும் நாணய சேகரிப்பாளர்களுக்கும், சேர்த்து வைக்கத் தெரியாமல் காசைச் செலவழித்துத் தொலைக்கிற மற்ற அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: இன்று முதல் எழுபது என்றால் எழுபதுதான்.

இந்த அறிவிப்பு நாணயத் தரமதிப்பீட்டு நிறுவனத்தின் இரண்டாம் மாடியில், கை கழுவும் தொட்டிக்கு மேலே, ‘சோப்பை எடுத்துப் போகாதீர்கள்’ என்ற பழைய அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது. கீழே மேலாளரின் கையெழுத்து. மேலாளர் எதற்கும் முழுக் கையெழுத்துப் போடுகிறவர் அல்ல; ஒரு சுழி சுழித்துவிட்டுப் போய்விடுவார். முழுக் கையெழுத்தைப் பார்த்ததும் பூதம் அறிவிப்பை மறுபடி முதலிலிருந்து படித்தார்.

பூதம் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. எந்நேரமும் பூதக்கண்ணாடியும் கையுமாக இருக்கிறவர் என்று யாரோ ஆரம்பித்தார்கள். நாளடைவில் கண்ணாடி உதிர்ந்துபோய்ப் பூதம் மட்டும் தங்கிவிட்டது. மற்றபடி பூதத்துக்குரிய லட்சணம் எதுவும் அவரிடம் கிடையாது. ஒல்லியான ஆள். மின்விசிறியைக் கூட்டி வைத்தால் மேசையைப் பிடித்துக்கொள்வார்.

நாணயங்களைப் பார்த்து மதிப்பெண் போடுவது அவர் வேலை. ஒன்றிலிருந்து எழுபது வரை. ஏன் நூறு இல்லை என்று கேட்கக் கூடாது. கேட்டவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். பழைய நாணயங்கள் என்றால் இதில் ஒரு நியாயம் உண்டு. பல கை மாறி மூக்கு தேய்ந்துபோன ராஜாவைப் பார்த்து, இவருக்கு இருபது, இவருடைய அப்பாவுக்குப் பன்னிரண்டு என்று மனசாட்சிப்படி சொல்லிவிடலாம். ஆனால் நிறுவனத்துக்கு வருவதில் முக்கால்வாசி புது நாணயங்கள். சேகரிப்பாளர்களுக்கென்றே நாணயச்சாலை அச்சடித்து, கையுறை போட்டு எடுத்து, உறையில் மூடி விற்பவை. பிறந்ததிலிருந்து ஒரு கடையைக்கூடப் பார்த்தறியாதவை. அவற்றுக்கு அறுபத்தெட்டுக்குக் கீழே போட வேண்டுமென்றால் யாராவது மேலே உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆகவே பூதத்தின் பணிக்காலம் முழுவதும் அறுபத்தொன்பதா, எழுபதா என்ற ஒரே கேள்வியில் போய்க்கொண்டிருந்தது. எழுபது என்றால் குறையே இல்லை. அறுபத்தொன்பது என்றால் குறை இருக்கிறது, எங்கே என்று மட்டும் கேட்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவே சந்தையில் ஒரு ஸ்கூட்டரின் விலை நின்றது. காலையில் பூதத்துக்குக் கண் கறாராக இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு உலகமே கொஞ்சம் மன்னிக்கத்தக்கதாகத் தெரியும். அந்த மன்னிப்பில் பலர் ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறார்கள்.

வினை ஒரு பல் டாக்டர் உருவத்தில் வந்தது. அவர் ஒரு வெள்ளி நாணயம் அனுப்பினார். புது வெளியீடு. குளத்தில் ஒற்றைக் காலில் ஒரு நாரை. நிறுவனம் அறுபத்தொன்பது போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து ஒட்டித் திருப்பி அனுப்பியது. டாக்டர் பல் பிடுங்கும் குறடால் பெட்டியை உடைத்து, அதே நாணயத்தைப் புதிதுபோல மறுபடி அனுப்பினார். எழுபது வந்தது. வேறு யாராவது என்றால் வாயை மூடிக்கொண்டு சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவர் விஞ்ஞானம் படித்தவர். மறுபடி உடைத்து அனுப்பினார். அறுபத்தெட்டு.

“ஒரே பல்லை மூன்று தரம் பார்த்து, ஒரு தரம் சொத்தை, ஒரு தரம் நல்ல பல், ஒரு தரம் அங்கே பல்லே இல்லை என்று நான் சொன்னால் என்னைச் சும்மா விடுவார்களா?” என்று மேலாளருக்கு எழுதிக் கேட்டார்.

மூன்று தரமும் பார்த்தது தான்தானா என்று பூதத்துக்குத் தெரியாது. நாணயங்கள் உடைமையாளர் பெயர் இல்லாமல்தான் மேசைக்கு வரும். தெரியாமல் இருப்பது பெரிய நிம்மதியாக இருந்தது.

மேலாளர் எல்லோரையும் கூட்டினார். அவர் முன்பு குளிர்சாதனப் பெட்டி விற்கும் கம்பெனியில் இருந்தவர். நாணயத்தைப் பற்றித் தெரியாது என்பதை அவர் எப்போதும் ஒரு தகுதியாகவே சொல்லிக்கொள்வார்.

“இந்த மாசம் நிலைத்தன்மை மாசம்,” என்றார். “உங்க தட்டுல வர்ற காசுகளுக்கு நடுவுல ஒரு பரீட்சைக் காசு வரும். திரும்பத் திரும்ப வரும். எதுன்னு உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் ஒரே மார்க் போடணும். உங்க மார்க் உங்களோடயும் ஒத்துப்போகணும், பக்கத்து மேசையோடயும் ஒத்துப்போகணும்.”

“ஒத்துப்போகாதவங்க?” என்று கேட்டார் கறார் அக்கா. அடுத்த மேசைக்காரர். பிறந்த பேத்தியை முதன்முதலில் கையில் வாங்கியதும், “குழந்தை நல்லாத்தான் இருக்கு, அந்த இடது காது மட்டும்” என்று ஆரம்பித்தவர் என்று சொல்வார்கள்.

“அவங்க பேக்கிங் பிரிவுக்குப் போவாங்க. அதுவும் நல்ல வேலைதான். காத்தோட்டமா இருக்கும்.”

எல்லோரும் திரும்பிப் பூதத்தைப் பார்த்தார்கள். பார்க்கக் காரணம் இருந்தது. பேக்கிங் பிரிவின் தலைவன் அவருடைய மச்சான்.

மனைவியின் தம்பி. ‘பையன் சும்மா இருக்கான், எங்கேயாவது சொல்லி வையுங்க’ என்று மனைவி கேட்டதற்காகப் பூதமே மேலாளர் அறை வாசலில் நின்று வாங்கிக் கொடுத்த வேலை. சேர்ந்த புதிதில் மாமா, மாமா என்று வாலைப் பிடித்துக்கொண்டு அலைந்தவன், இப்போது மேசையில் ‘பிரிவுத் தலைவர்’ என்று பலகை வைத்திருந்தான். அதைத் தினமும் அவனே துடைத்தான். அவனுக்குக் கீழே இருப்பவர்கள் ஒன்றுக்குப் போக வேண்டுமென்றாலும் கையைத் தூக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்கு வந்தால் பூதத்தின் நாற்காலியில்தான் உட்காருவான். வீட்டில் போன நாற்காலி போகட்டும். ஆபீசிலும் அவன் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பூதத்தால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அன்று மாலை வீட்டுக்குள் நுழையும்போதே மனைவி தயாராக இருந்தாள்.

“தம்பிகிட்ட பேசிட்டேன். பரீட்சைக் காசு நாரைதானாம். நாளைக்குக் காலையில உங்க மேசைக்குத்தான் முதல்ல வருதாம். முதல் தட்டுல கடைசிக் காசு.”

“உன்னை யாரு கேட்கச் சொன்னது? இதெல்லாம் தப்பு.”

“தப்புன்னா நீங்க கேட்காதீங்க. நான் சுவத்துக்கிட்ட சொல்லிக்கிறேன்.” சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். “முதல் தட்டு, கடைசிக் காசு. அதுக்கப்புறம் குலுக்கிப் போட்டுருவாங்களாம், எங்க வரும்னு அவனுக்கே தெரியாதாம். இதை அவன் வெளிய சொல்லவே கூடாதாம். மேலாளர் அவனை மட்டும்தான் நம்பியிருக்காராம்.”

“அப்புறம் எதுக்குச் சொன்னான்?”

“நான் கேட்டேன், சொன்னான். அவனுக்கென்ன, நீங்க போனா சந்தோஷமா சேர்த்துக்குவான். எனக்குத்தான் வேண்டாம். அவனுக்குக் கீழ வேலை பார்த்தா என்ன பாடுபடுத்துவான்னு உங்களுக்குத் தெரியாது. நான் கூடப் பொறந்தவ.”

பூதம் பேச்சை மாற்ற விரும்பினார். “கோட்டுல பொத்தான் தைச்சுத் தர்றேன்னு சொல்லி எவ்வளவு நாளாச்சு?”

“ஊக்கு குத்தி விட்டிருக்கேன்ல. அது என்ன, கீழ விழுந்துடுச்சா?”

விழவில்லைதான். மதிப்பீட்டு அறைக்குள் கூர்மையான பொருள் எதுவும் வரக் கூடாது. வாசலில் காவலாளி மோதிரம், கைக்கடிகாரம், பேனா எல்லாவற்றையும் வாங்கிக் கிண்ணத்தில் போட்டுக்கொள்வார். ஆனால் பூதத்தின் வெள்ளைக் கோட்டில் நெஞ்சுக்கு நேரே இருந்த ஊக்கை அவர் பார்த்துப் பார்த்துப் பழகி, அது ஒரு பொத்தான் என்றே முடிவுக்கு வந்திருந்தார்.

மறுநாள் காலை. கறுப்புத் துணி விரித்த மேசை, தாழ இறக்கிய விளக்கு, முதல் தட்டு. பூதம் வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசிக் காசு வந்தது. விளிம்பைப் பிடித்து எடுத்து லென்ஸை வைத்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

பார்க்கப் பார்க்க அவருக்கு ஒரு விசித்திரம் நடந்தது. குறையே தெரியவில்லை. குளத்தின் அலை ஒவ்வொன்றும் நின்றது. தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. நாரையின் முட்டியில் இருக்கும் மடிப்புக்கூட விழுந்திருந்தது. விளக்கைச் சாய்த்துப் பார்த்தார், நாணயத்தைச் சாய்த்துப் பார்த்தார், தானும் சாய்ந்து பார்த்தார். எத்தனையோ எழுபது போட்டவர்தான். எல்லாம் ஒரு குத்துமதிப்பு. மனமறிந்து, சத்தியம் பண்ணத் தயாராகப் போட்ட முதல் எழுபது இதுதான். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பெருமையாக இருந்தது.

பிறகு இரண்டாவது தட்டைத் திறந்தார். அத்தனையும் நாரை.

புது வெளியீடு அல்லவா, ஊரெல்லாம் அனுப்பியிருந்தார்கள். இனி வரப்போகும் தட்டுகளிலும் நாரைகள்தான் நிற்கும். ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாமல் இருப்பதுதான் அந்தக் காசுகளின் பெருமை. இந்தக் கூட்டத்தில் தன்னுடைய நாரையை எப்படிக் கண்டுபிடிப்பது? அது சாப்பாட்டுக்கு முன் வருமோ, பின் வருமோ. மச்சானின் பலகை கண்முன் வந்தது. கை தானாக மேலே எழுந்தது. முதலில் அனுமதி கேட்பதுபோல, பிறகு ஊக்கை நோக்கி.

முதல் தட்டின் கடைசி நாரையின் அலகு நுனியில் ஒரு கீறல். மயிரிழை என்று சொல்ல முடியாது, மயிரிழைக்குத் தம்பி. காலமெல்லாம் மற்றவர்கள் போட்ட கீறலைத் தேடியவர், முதல்முறையாகத் தானே ஒன்று போட்டார். சுத்தமாக வந்தது. கண் தேர்ந்தவருக்குக் கையும் தேர்ந்துவிடும்போல. இப்போது அது அறுபத்தைந்துக்கு மேல் தேறாத நாணயம். அதற்குப் பக்கத்தில் எழுபது என்று எழுதியிருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில், வாயில் வைத்த கவளத்தோடு, பூதத்துக்கு அடுத்த விஷயம் உறைத்தது. இதே நாணயம்தான் கறார் அக்கா மேசைக்கும் போகும். அவர் கண்ணுக்குத் தப்புமா? அவர் அறுபத்தைந்து போடுவார். தன்னுடைய எழுபதோடு ஒத்துப்போகாது. விசாரணை வரும், லென்ஸ் வரும், கீறல் வரும். கையும் களவுமாக என்பார்கள்; இவருக்குக் கையும் ஊக்குமாக.

அன்று வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

“எழுபது போட்டுட்டீங்கல்ல, அப்புறம் என்ன?” என்றாள் மனைவி.

“அதான் பிரச்சினை,” என்றார். அவள் சுவரைப் பார்த்தாள். சுவருக்கும் புரியவில்லை.

மாதம் நகர்ந்தது. நாரை அவ்வப்போது வந்தது. பூதம் வேறு எங்கும் பார்ப்பதில்லை. நேரே அலகுக்குப் போவார். கீறல் இருந்தால் எழுபது. இல்லாவிட்டால் வழக்கம்போல வானிலையைப் பொறுத்து. நாள் முழுவதும் பார்க்கிற நாணயங்களில் அவருக்குச் சந்தேகமே இல்லாமல் மதிப்பெண் போட முடிந்தது, கெட்டுப்போன அந்த ஒன்றுக்கு மட்டும்தான்.

மாதக் கடைசியில் மேலாளர் மறுபடி கூட்டினார். பூதம் கதவுக்குப் பக்கமாக நின்றுகொண்டார். மச்சான் உள்ளே வரும்போது அவரைப் பார்த்து, “நம்ம பிரிவுல ஜன்னலோரமா ஒரு இடம் காலியா இருக்கு மாமா, சும்மா சொல்லி வைக்கிறேன்” என்றான்.

“எல்லா மேசையிலும்,” என்றார் மேலாளர், “எல்லாத் தடவையும், எழுபது. ஒருத்தர்கூட மாறலை. உலகத்துல எங்கேயும் இப்படி நடந்ததில்லைன்னு நினைக்கிறேன். விசாரிக்கலை. ஆனா நினைக்கிறேன்.”

கைத்தட்டல் எழுந்தது. பூதம் கறார் அக்காவைப் பார்த்தார். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கழுவும் இடத்தில் அக்காவைப் பிடித்தார்.

“அக்கா, அந்த நாரையை நல்லா பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“ஒண்ணும் தெரியலையா?”

“அலகுல கீறல். பார்த்ததும் அறுபத்தஞ்சுன்னு எழுதப் போனேன். அப்புறம் யோசிச்சேன், இவ்வளவு வசதியான இடத்துல கீறல் தானா விழாதே, ஆபீசே பரீட்சைக்கு அடையாளம் போட்டிருக்கு போலன்னு. உன் மேசையைத் தாண்டித்தானே என் மேசைக்கு வருது. நீ என்ன போட்டேன்னு உன் மச்சான்கிட்ட கேட்டேன். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டு, எழுபதுன்னான். நானும் எழுபது. மத்த மேசைக்கெல்லாமும் சொல்லிட்டேன், வாயில கீறல் இருந்தா எழுபதுன்னு. பாவம், புள்ளகுட்டிக்காரங்க.”

“ஆபீஸ் போட்ட அடையாளம்தானா அது?”

கறார் அக்கா சோப்பை வைத்தார். பூதத்தின் கோட்டைப் பார்த்தார். “ஊக்கு நல்லா கூரா இருக்கு,” என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

இதோடு விட்டிருக்கலாம். மேலாளருக்கு விடத் தெரியாது. அந்த நாணயத்தைக் கண்ணாடிப் பேழையில் வைத்து, ‘மூல நாணயம்’ என்று பெயர் சூட்டி, இனி வரும் எல்லா நாரைகளையும் இதோடு ஒப்பிட்டே மதிப்பெண் போட வேண்டும் என்றார். திறப்பு விழாவுக்குப் பல் டாக்டரையும் அழைத்தார். டாக்டர் நெற்றியில் மாட்டுகிற விளக்கோடு வந்தார். வரிசையாக மதிப்பீட்டாளர்கள் நிற்க, பேழையைத் திறக்கச் சொல்லிக் குனிந்தார். நோயாளியிடம் ‘ஆ’ காட்டச் சொல்லும் முகத்தோடு நாரையைப் பார்த்தார்.

“வாயில ஒரு கீறல் இருக்கே,” என்றார்.

மேலாளர் லென்ஸை வாங்கினார். இத்தனை நாளில் அவர் லென்ஸைக் கண்ணில் வைத்து அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். நெடுநேரம் பார்த்தார்.

“அது கீறல் இல்ல டாக்டர். மீன்.”

“மீனா?”

“நாரை வாயில வேற என்ன இருக்கும்?”

டாக்டர் யோசித்தார். விஞ்ஞான ரீதியாக மறுக்க முடியவில்லை. “என்னோடதுல மீன் இல்லையே.”

“இருக்காது. உங்களுதுல அச்சு முழுசா விழலை. நுணுக்கமான வேலை பாருங்க, பத்துல ஒண்ணுலகூட விழாது. அதனாலதான் உங்களுக்கு முதல்ல அறுபத்தொன்பது வந்தது.” சொல்லச் சொல்ல மேலாளருக்கே நம்பிக்கை கூடிக்கொண்டு போனது. “நடுவுல எழுபது போட்டது எங்க தப்பு. என்ன பூதம், மீன்தானே?”

எல்லோரும் பூதத்தைப் பார்த்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனமறிந்து போட்ட அந்த ஒரே எழுபது ஒரு காலத்தில் உண்மையாகவே எழுபதாக இருந்தது என்று சொல்லலாம். அதைக் கெடுத்தது யார் என்றும் சொல்ல வேண்டியிருக்கும். கதவோரம் மச்சான் நின்றுகொண்டிருந்தான். ஜன்னலோரத்து இடத்தை அவன் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

“மீன்தான் சார்,” என்றார் பூதம். கொஞ்சம் நேர்மை மிச்சம் இருந்ததால், “சின்ன மீன்,” என்று சேர்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து மதிப்பீட்டு அறையில் வானிலை மாறுவதே இல்லை. நாரை வரும். வாயில் மீன் இருக்காது. அறுபத்தொன்பது. காலையிலும் அறுபத்தொன்பது, சாப்பாட்டுக்குப் பிறகும் அறுபத்தொன்பது. பல் டாக்டர் சும்மா இருப்பாரா, தன்னுடையதைக் குறடால் உடைத்து உடைத்து மூன்று தரம் அனுப்பிப் பார்த்தார். அறுபத்தொன்பது, அறுபத்தொன்பது, அறுபத்தொன்பது. ‘இப்போதுதான் இந்தத் துறை விஞ்ஞானமாகியிருக்கிறது’ என்று பாராட்டி எழுதினார். அதைச் சட்டம் போட்டுச் சோப்புக்கு மேலே மாட்டினார்கள். சேகரிப்பாளர்கள் வாயில் மீனுள்ள நாரையைத் தேடி அலைந்தார்கள். ஒருவர் மட்டும் ஒன்றை அனுப்பினார். கறார் அக்கா லென்ஸில் பார்த்துவிட்டு, “மீன் பெருசு” என்று அறுபத்தொன்பது போட்டார்.

பூதத்துக்கு வேலை போகவில்லை. மேசையும் போகவில்லை. மூல நாணயத்தின் காப்பாளர் என்று பதவி வேறு கொடுத்தார்கள். பேழையின் சாவி அவரிடம்தான். மனைவி அதை இரண்டு தெருவுக்குச் சொல்லி முடித்திருந்தாள். மச்சான் முன்னால் கை தூக்கும் கண்டம் ஒருவழியாகத் தாண்டியது என்று பூதம் மூச்சு விட்டார்.

மேலாளர் கடைசியாக ஒரு கூட்டம் போட்டார். “நிலைத்தன்மை மாசம் ஜெயிச்சதுக்கு ஒரே ஒருத்தர்தான் காரணம்,” என்றார். “எந்தக் காசுன்னு தெரிஞ்சும், ஒரு மாசம் முழுக்க, ஈ காக்காய்க்குக்கூடச் சொல்லாம காப்பாத்தினவரு.” பேக்கிங் பிரிவின் தலைவரை, மதிப்பீட்டுப் பிரிவுக்கும் சேர்த்துத் தலைவராக நியமித்தார். கைத்தட்டல் பலமாக இருந்தது. அவனிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொண்ட அத்தனை பேரும் தட்டினார்கள்.

திங்கட்கிழமை மச்சான் பலகையை இடுக்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு வந்தான். மேசை மேசையாக நின்று பார்த்துக்கொண்டே வந்து பூதத்தின் முன்னால் நின்றான். கோட்டில் நெஞ்சுக்கு நேரே விரலை நீட்டினான்.

“மாமா, ஆபீஸ்ல மாமான்னு கூப்பிடக் கூடாது, இருந்தாலும் சொல்றேன். கூரான சாமான் எதுவும் உள்ள வரக் கூடாதுன்னு விதி இருக்கு. அக்காவை ஒரு பொத்தான் தைச்சுத் தரச் சொல்லுங்க.”

மறுநாள் பூதம் பொத்தான் தைத்துக்கொண்டு வந்தார்.